மக்காத இலை மண்ணாகும் இடம்: பீட் பற்றி ஓர் எளிய அறிமுகம்

விவசாயிகளுக்குக் கொடுக்கும் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-ஐத் தாண்டினால் அதிகம். நம் ஊர் வயல்கள் பலவற்றில் அந்த அரை சதவீதத்தைத் தொடுவதற்கே தொழுவுரம், பசுந்தாள் உரம் என்று வருடக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கோடு பழகியவர்களுக்கு, உலர்ந்த எடையில் பாதி கரிமமாகவே இருக்கும் மண்ணும் உலகத்தில் உண்டு என்றால் நம்பக் கடினமாக இருக்கும். உண்டு. அதுதான் பீட். பள்ளிப் பாடத்தில் நிலக்கரி வகைகளைப் படித்தபோது, பட்டியலின் அடியில் ‘முற்றா நிலக்கரி’ என்று ஒரு பெயரை மனப்பாடம் செய்திருப்போம், அதே சரக்கு.

தோண்டினால் பழுப்பாகவோ கன்னங்கரேலென்றோ வரும். ஈரமாக இருக்கும்போது கனக்கும், காய்ந்தால் கையில் எடையே தெரியாது. உற்றுப் பார்த்தால் மணல் துகளுக்குப் பதிலாக வேர், தண்டு, இலை நரம்பு, சில இடங்களில் முழுசாக ஒரு மரத்துண்டு. காயவைத்துத் தீ மூட்டினால் எரியும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக இதைக் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலில் அடுக்கி உலர்த்தி, குளிர்காலத்துக்கு அடுப்பெரிக்க வைத்துக்கொண்டார்கள்.

மண்ணியல்காரர்கள் இந்த வகை மண்ணுக்கு ஹிஸ்டோசால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். களிமண் கலப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து, குறைந்தது 12 முதல் 18 சதவீதம் வரை அங்ககக் கரிமம் இருக்க வேண்டும், அந்த அடுக்கு பொதுவாக 40 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. வரம்பு கிடக்கட்டும். இவ்வளவு கரிமம் ஓரிடத்தில் எப்படிக் குவிகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

முதலில் தோன்றும் பதில், அங்கே செடிகொடிகள் அடர்த்தியாக வளர்ந்திருக்கும், நிறைய இலை விழுந்திருக்கும் என்பது. அது தப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் விழாத இலையா? அங்கே தரையில் கிடக்கும் சருகை விலக்கினால் சில அங்குலங்களுக்குக் கீழே சாதாரணச் செம்மண் வந்துவிடும். விழுவதெல்லாம் சீக்கிரமே மக்கி, பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது. பீட் இருக்கும் பல இடங்களில் தாவர வளர்ச்சி அந்தக் காட்டோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மந்தம். வித்தியாசம் வளர்வதில் இல்லை, மக்குவதில் இருக்கிறது. வருடத்துக்கு விழும் இலையும் வேரும் அந்த வருடத்துக்குள் முழுக்க மக்கவில்லை, கொஞ்சம் மிச்சம் விழுகிறது. அடுத்த வருடமும் அப்படியே. இப்படி ஆயிரக்கணக்கான வருட மிச்சம்தான் பீட். மக்குவதைத் தடுத்து நிறுத்துவது எது? தண்ணீர்.

சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் காவிரிப் படுகைக்குப் போனாலே போதும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் நின்று ஒரு பயிரை வேரோடு மெல்லப் பிடுங்கி, வாய்க்காலில் அலசிப் பாருங்கள். வேரைச் சுற்றியிருந்த சேறு சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும், ஆனால் வேரின் மேல் மட்டும் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புப் பூச்சு ஒன்று ஒட்டியிருக்கும். சேற்றில் கால் வைத்து அழுத்தினால் குமிழ் குமிழாகக் காற்று வரும். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீருக்குள் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் துவாரங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டால், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் கையிருப்பு ஆக்சிஜனை ஓரிரு நாளிலேயே தீர்த்துவிடும். மேலிருந்து புதிதாக வருவது போதாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழத் தெரிந்த நுண்ணுயிர்கள் அப்போது வேலையைக் கையில் எடுக்கின்றன. அவை ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தும். அது தீர்ந்தால் மாங்கனீசு, அப்புறம் இரும்பு. மண்ணுக்குச் செந்நிறம் தருவது துருப்பிடித்த இரும்புதான். நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கரைத்துவிடுவதால்தான் சேறு சாம்பல் நிறமாகிறது. இரும்பும் ஆனபின் சல்பேட்டுக்கு வருவார்கள். கழிமுகத்துச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அந்தக் கட்டத்தில். எல்லாம் தீர்ந்து கடைசியில் மீத்தேன். காலடியில் குமிழியாக வந்ததில் பெரும்பங்கு அதுதான். வேர் மேல் படிந்த துருவுக்குக் காரணம் நெற்பயிரின் சாமர்த்தியம். தண்டுக்குள்ளேயே காற்றுக் குழாய் வைத்துக்கொண்டு வேருக்கு ஆக்சிஜனை இறக்குகிறது, அதில் கொஞ்சம் வெளியே கசிந்து பக்கத்து இரும்பைத் துருவாக்குகிறது. கோரை, நாணல், சம்பு எல்லாம் இதே உத்தியில்தான் சேற்றில் பிழைக்கின்றன.

இந்தப் படிகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க இறங்க நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். அதனால் வேலையும் மந்தமாகும். மந்தமாவது மட்டுமில்லை, சில வேலைகள் நடக்கவே நடக்காது. மரத்துக்கும் தண்டுக்கும் விறைப்புத் தருவது லிக்னின் என்ற பொருள். அதை உடைப்பதில் கெட்டிக்காரர்கள் பூஞ்சைகள். ஆனால் அந்த வேலைக்கு ஆக்சிஜன் தேவை. அது இல்லாத சேற்றில் லிக்னின் அப்படியே தங்கிவிடும். கூடவே ஃபீனால் வகைச் சேர்மங்களும் தங்கும். அவற்றைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, அதுவும் ஆக்சிஜன் இருந்தால்தான் இயங்கும். சிதையாத ஃபீனால்கள் சும்மா கிடப்பதில்லை. எளிதில் மக்கக்கூடிய மற்ற பொருள்களைச் சிதைக்கும் நொதிகளையும் சேர்த்து முடக்கிவிடுகின்றன. ஒரு நொதி நின்றால் மொத்த வேலையும் நிற்கிறது. இந்தப் பூட்டை வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2001-ல் விளக்கினார்கள். பீட் பற்றிப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பூட்டு ஒன்று, சாவி ஆக்சிஜன். அந்தச் சாவியை உள்ளே விடாமல் தண்ணீர் மறித்து நிற்கிறது.

சரி, தண்ணீர் தேங்கினால் பீட் உண்டாகும் என்றால், தமிழ்நாட்டில் இத்தனை ஏரி இருக்கிறதே, ஏன் ஒன்றில்கூட அது சேரவில்லை? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் அடியில்கூட இருப்பது முக்கியமாகக் களிமண்தானே? பதில் கோடையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் ஏரி சித்திரை, வைகாசியில் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பு வழியே காற்று இறங்கும். எட்டு மாதம் மக்காமல் இருந்தது அந்த நாலு மாதத்தில் மக்கிவிடும், அதுவும் நம் வெயிலில் வேகமாகவே. போதாததற்கு மழை வெள்ளம் ஒவ்வொரு வருடமும் புது வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். மிஞ்சிய கொஞ்சம் அங்ககப் பொருளும் களிமண்ணோடு கலந்து நீர்த்துவிடும். அந்த வண்டலைத்தான் கோடையில் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். பயிருக்கு அது நல்ல உரம், ஆனால் பீட் ஆகாது. பீட்டுக்கு வருடம் 365 நாளும் ஈரம் வேண்டும். வருகிற தண்ணீரும் அதிக மண்ணைச் சுமந்து வரக் கூடாது.

குளிர் இருந்தால் வேலை இன்னும் எளிது. உலகத்து பீட் நிலங்களில் பெரும்பகுதி கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியா போன்ற வடக்குப் பிரதேசங்களில் இருப்பது அதனால்தான். அங்கே பல இடங்களில் கதை கிட்டத்தட்ட ஒரே மாதிரி தொடங்கும். சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது பள்ளங்களில் ஏரிகள் நின்றன. ஏரியின் அடியில் முதலில் களிமண் படிந்தது. அப்புறம் பாசியும் நுண்ணுயிரும் செத்து விழுந்து வழவழப்பான ஒரு சேறு. ஆழம் குறையக் குறைய அல்லி வகைகள் வந்தன, கரையிலிருந்து நாணலும் கோரையும் உள்ளே நகர்ந்தன. அவற்றின் வேரும் தண்டும் நீருக்கடியிலேயே விழுந்து சேர்ந்தன. கடைசியில் ஏரி தூர்ந்து தரையாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் போகவில்லை. இது ஒரு வழி. ஏரியே இல்லாத சமதளத்தில் வடிகால் கெட்டு, காட்டுத்தரை மெல்ல மெல்லச் சதுப்பாக மாறுவது இன்னொரு வழி.

இந்தக் கட்டம் வரைக்கும் அந்த நிலத்துக்கு நிலத்தடி நீர் வந்துகொண்டிருக்கும், அதோடு சுண்ணாம்பும் மற்ற தாதுக்களும் வரும். சேர்ந்து சேர்ந்து பீட்டின் மேற்பரப்பு நிலத்தடி நீர் எட்டாத உயரத்துக்கு ஏறியதும் நிலைமை மாறும். இனி மழை மட்டும்தான். மழைநீரில் சத்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கே வருவது ஸ்பேக்னம் என்ற பாசி. இதற்கு வேர் கிடையாது. இலையில் உள்ள வெற்று அறைகளில் தன் உலர் எடையைப் போல இருபது மடங்குவரை தண்ணீர் பிடித்துவைக்கும். தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பு, மெக்னீசிய அயனிகளைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். அதாவது, சுற்றுப்புறத்தைத் தானே அமிலமாக்கும். அமிலத்தில் பாக்டீரியாவுக்கு வேலை ஓடாது, போட்டிச் செடிகளும் வளராது, ஸ்பேக்னம் மட்டும் மேலே மேலே வளரும். தனக்குத் தோதாக ஊரையே மாற்றிக்கொள்கிற செடி.

இப்போது, கரிமம் அதிகமென்றால் நிலம் செழிப்பாக இருக்கும் என்ற நினைப்புக்கு வருவோம். மழையை மட்டும் நம்பிய பீட்டில் தழைச்சத்து இருக்கிறது, ஆனால் மக்காத பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. செடிக்குக் கிடைக்காது. பூச்சி தின்னும் செடிகள் இந்த இடங்களைத் தேடி வருவதன் காரணம் அதுதான். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைக் கொசுவிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. நீலகிரியின் ஈரப் புல்வெளிகளில் தரையோடு ஒட்டி, இலையின் மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் பசைத்துளி மின்னும் டிரோசெராவைப் பார்க்கலாம். அதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பீட் எவ்வளவு வேகத்தில் வளரும்? வருடத்துக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. மேலே ஆண்டுக்கு ஒருமுறையாவது காற்றுப்படும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். விழுந்த பொருளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே மக்கித் தீர்ந்துவிடும். மிஞ்சுவது கீழே, நிரந்தரமாக நீரில் ஊறும் அடுக்குக்குள் இறங்கி அங்கே ஏறக்குறைய அப்படியே நிற்கும். ராஜராஜன் 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்ததிலிருந்து இன்றுவரை சேர்ந்திருந்தால் அதிகபட்சம் ஒரு மீட்டர். ஐந்து மீட்டர் ஆழமுள்ள பீட்டை ஒரு கால்வாய்க்காகப் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வெட்டுகிறோம் என்றால் எதை வெட்டுகிறோம் என்று புரியும்.

எல்லா பீட்டும் ஒரே அளவு மக்கியிருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, கை போதும். ஸ்வீடன் நாட்டு லெனார்ட் வான் போஸ்ட் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை இன்றும் களத்தில் பயன்படுகிறது. ஈரமான பீட்டை ஒரு கைப்பிடி எடுத்து முஷ்டியை இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த தண்ணீர் மட்டும் வடிந்து, உள்ளங்கையில் தாவர இழைகள் முழுசாகத் தெரிந்தால் அது முதல் நிலை, மக்கவே இல்லை. பழுப்பாகக் கலங்கிய நீர் வந்தால் நடு நிலைகள். கொஞ்சம் கூழும் சேர்ந்து பிதுங்கினால் அதற்கும் மேல். பிழிந்த அழுத்தத்தில் மொத்தமும் விரலிடுக்கு வழியே கூழாக வெளியேறி, கையில் எதுவும் மிஞ்சவில்லையென்றால் பத்தாம் நிலை, முற்றிலும் மக்கியது. இந்தக் கடைசி வகை கறுத்து, வழவழவென்று, எந்தச் செடியிலிருந்து வந்தது என்றே தெரியாமல் இருக்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை பீட் என்று சொல்லாமல் மக் என்று தனியாகப் பிரிப்பார்கள். வடிகால் வெட்டிக் காய்கறி பயிரிடுபவர்கள் விரும்புவது இதைத்தான்.

குளிர் உதவும் என்றேன். ஆனால் குளிர் கட்டாயமில்லை. போர்னியோ, சுமத்ரா தீவுகளின் தாழ்நிலங்களில், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், பத்து மீட்டருக்கு மேல் ஆழமான பீட் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்க மழை. மண் காய்வதே இல்லை. பாசிக்குப் பதில் நாற்பது மீட்டர் உயர மரங்கள் நிற்கின்றன. விழும் பொருளில் லிக்னின் மிகுதி, அதனால் சூட்டிலும் மக்குவதில்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே பீட் மெல்ல மெல்ல உயர்ந்து ஒரு மேடாகிறது. மேடு என்றாலும் பல கிலோமீட்டருக்குச் சில மீட்டர்தான் ஏற்றம், நடந்து போகிறவருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காட்டிலிருந்து வரும் ஓடைகளின் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும், இலைகளிலிருந்து கரைந்து வரும் டானின் தரும் நிறம் அது.

ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப்படுகை விஷயம் இன்னும் ஆச்சரியம். அங்கே 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பீட் இருப்பது முறையாக அளந்து வெளியிடப்பட்டதே 2017-ல்தான். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பளவைவிட அதிகம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காங்கோ நாட்டு ஆய்வாளர்களும் இடுப்பளவு சதுப்பில் நாள்கணக்கில் நடந்து, துளைக்கோல் இறக்கி ஆழம் பார்த்தார்கள். அதில் சேர்ந்திருக்கும் கரிமம் சுமார் 3,000 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய விஷயம் நம் காலம் வரைக்கும் கணக்கில் வராமல் கிடந்திருக்கிறது. உலக அளவில் பார்த்தால் பீட் நிலங்கள் நிலப்பரப்பில் 3 அல்லது 4 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகள் அனைத்தின் மரம் செடிகளில் இருக்கும் கரிமத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அவற்றுக்குள் இருக்கிறது.

மக்காத இடத்தில் மற்றவையும் மக்காது. 1950-ல் டென்மார்க்கில் எரிபொருளுக்காக பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓர் ஆணின் உடலைக் கண்டார்கள். கழுத்தில் தோல் கயிறு, தலையில் தொப்பி, முகவாயில் முள்முள்ளாக தாடி. சமீபத்தில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொன்னார்கள். அந்த மனிதர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாகச் சாப்பிட்டது பார்லிக் கஞ்சி என்பதுகூட வயிற்றிலிருந்து தெரிந்தது. டோலுண்ட் மனிதன் என்று அவருக்குப் பெயர்.

நமக்கு நெருக்கமான ஆவணம் நீலகிரியில் இருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேலே, இரண்டு பருவமழையும் கிடைக்கும் பள்ளத்தாக்கு அடிவாரங்களில், சாண்டிநல்லா போன்ற இடங்களில், புல்லும் கோரையும் சேர்ந்த பீட் கறுப்பாகப் படிந்திருக்கிறது. புல்வெளியின் புற்களில் பல ஒரு வகையாகவும், மரங்கள் வேறொரு வகையாகவும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அதனால் அவற்றின் உடலில் கரிமம் 13-க்கும் கரிமம் 12-க்கும் (எடையில் சற்றே வேறுபடும் இரு வகைக் கரிம அணுக்கள்) உள்ள விகிதம் மாறுபடும். பீட்டின் எந்த ஆழத்தில் எந்த விகிதம் என்று அளந்தால், அந்தக் காலத்தில் வறட்சியைத் தாங்கும் புல் மிகுந்திருந்ததா, ஈரம் விரும்பும் தாவரங்கள் மிகுந்திருந்தனவா என்று சொல்லிவிடலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு பணியாற்றியவர்களும் இப்படி அளந்து 1993-ல் வெளியிட்டார்கள். யானை ஆய்வாளராகப் பலருக்கும் தெரிந்தவர் அவர். பனியுகம் உச்சத்திலிருந்த சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீலகிரி வறண்டு கிடந்தது, பிறகு பருவமழை வலுத்தபோது ஈரத்துத் தாவரங்கள் பெருகின என்று அந்தப் பீட் சொன்னது. இன்று உதகைக்கு மேலே நாம் பார்க்கும் சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று பிடித்தும் விட்டும் வந்த நீண்ட வரலாறு அந்தச் சேற்றில் அடுக்கடுக்காக இருக்கிறது. அப்படிப்பட்ட அடிவாரங்கள் சிலவற்றில் வடிகால் வெட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பீட் மேலும் புதைந்து, அழுத்தமும் சூடும் பல யுகங்களுக்குப் பட்டால் பழுப்பு நிலக்கரியாகும், அப்புறம் நிலக்கரி. நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டுவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சதுப்புக்காட்டில் சேர்ந்த பீட்டைத்தான். மரத்தின் அமைப்பு கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் அதில் கிடைப்பதுண்டு.

இனி, தண்ணீரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு இங்கிலாந்தில் ஓர் இரும்புத் தூண் சாட்சி. கேம்பிரிட்ஜ்ஷையர் பகுதியில் விட்டில்சி மியர் என்ற ஏரியை 1851-ல் வடித்தார்கள், சுற்றியிருந்த பீட்டில் பயிர் செய்வதற்காக. நிலம் இறங்கும் என்று தெரிந்திருந்ததால், பீட்டின் அடியிலிருந்த களிமண் வரைக்கும் ஒரு வார்ப்பிரும்புத் தூணை இறக்கி, அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் எழும்பவில்லை, நிலம் இறங்கியது. முதலில் தண்ணீர் போனதால் சுருங்கியது, அப்புறம் தன் எடையில் அமுங்கியது. மூன்றாவதாக, காற்றுப் பட்டதும் அந்தப் பழைய பூட்டு திறந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்றிருந்த மக்குதல் மறுபடி தொடங்கியது. அந்த மண் கரியமில வாயுவாகப் பறந்துபோனது. அரிப்பு என்றால் மண் இன்னோரிடத்தில் போய்ச் சேரும், தேடிப் போனால் கிடைக்கும். இது அப்படி இல்லை.

இந்தோனேசியாவில் 1990-களின் நடுவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல்வயலாக்கும் திட்டம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். பீட் அமிலம் மிகுந்தது, சத்து இல்லாதது, நெல் சரியாக வரவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் கால்வாய்கள் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தன. திட்டம் கைவிடப்படுவதற்கு முன்பே, 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. பீட் தீ கொழுந்துவிட்டு எரியாது. தரைக்கடியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே போகும், மேலே புகை மட்டும் வரும். மேலே தண்ணீர் தெளித்து அணைக்க முடியாது; பெருமழை வந்து நீர்மட்டம் ஏற வேண்டும். அந்த ஒரே ஆண்டில் இந்தோனேசியக் காட்டுத்தீயும் பீட் தீயும் வெளியிட்ட கரிமம், உலகமே எரித்த நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றின் ஆண்டு வெளியீட்டில் 13 முதல் 40 சதவீதம் வரை இருக்கும் என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ‘புகைமூட்டம்’ என்றால் இது என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-லும் முகமூடியோடு திரிந்தார்கள். அதன் பிறகு இந்தோனேசியா 2016-ல் பீட் நிலங்களை மீட்கவென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. செய்ய வேண்டிய வேலை சொல்வதற்கு எளிது: வெட்டிய கால்வாய்களை அடைப்பது. மறுபடி நனைத்தால் மீத்தேன் கொஞ்சம் கூடும்தான். ஆனால் கரியமில வாயு நிற்பதால் நீண்ட கால நோக்கில் அது லாபமே.

பக்கத்துக் கேரளத்தில் பிரச்சினை வேறு மாதிரி. குட்டநாட்டில், கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் அந்தப் பகுதியில், வைக்கம், புறக்காடு பக்கம் கரி நிலம் என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்ற கறுப்பு. அங்ககப் பொருள் மிகுதி, தோண்டும்போது புதைந்த மரங்கள் கிடைக்கும். ஒரு காலத்தில் கடல்நீர் புகுந்த சதுப்பு என்பதால் மண்ணுக்குள் இரும்பு சல்பைடு இருக்கிறது. தண்ணீர் நிற்கும்வரை அது சாது. காய விட்டால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாக மாறும், பயிரின் வேரைக் கருக்கும். அங்கே விவசாயிகள் சுண்ணாம்பு போடுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சி அமிலத்தை அலசி வெளியேற்றுகிறார்கள். முக்கியமாக, நிலத்தை அதிகம் காயவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இலங்கையில் கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பிலும் பீட் உண்டு. கட்டுநாயக்க அதிவேகப் பாதை போட்ட பொறியாளர்களுக்கு, பாரம் ஏற்றினால் அமுங்கும் அந்தத் தரை பெரிய சவாலாக இருந்தது.

மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு கடைசிச் செய்தி. நர்சரிகளில் ‘பீட் மாஸ்’ என்று இறக்குமதிப் பையில் விற்பது மேலே சொன்ன ஸ்பேக்னம் சதுப்பை வடித்து வெட்டி எடுத்தது. ‘கோகோபீட்’ அது இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்தான். லிக்னின் அதிகம் என்பதால் அதுவும் சீக்கிரம் மக்காது. நார் ஆலைகளுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் மலைபோலக் குவிந்து கிடந்து ஒரு காலத்தில் எல்லாருக்கும் தொல்லையாக இருந்தது. இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து அது கட்டிகளாக அழுத்தப்பட்டு, பீட்டுக்கு மாற்றாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. தண்ணீர் பிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எனவே பீட் மாஸுக்கு நம் ஊரில் காசு செலவழிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. கோகோபீட்டில் உப்பு இருக்கும். வாங்கிய கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுத் தொட்டியில் போடுங்கள்.